பன்னிரண்டில் நின்ற மழை

எங்கள் வீடு வடகவுஞ்சியை ஒட்டி, பழனிக்கு இறங்கும் மலைச்சாலையின் மேற்புறத்தில் இருக்கிறது. என் மனைவி பழனியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையில் வேனில் இறங்குவாள். பொழுது சாயும்போது அதே வேனில் ஏறி வருவாள். நான் வீட்டிலிருந்தபடியே கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன். ஐப்பசி பிறந்து மழை வலுத்துவிட்டால், அவள் வாசலைத் தாண்டிய நொடியிலிருந்து பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லும் வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது. இந்தச் சாலையில் மண் எப்போது சரியும், எந்த வளைவில் சரியும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. முந்தைய இரவு மேலே எவ்வளவு பெய்தது என்பதை வைத்து அஞ்சலாம், அல்லது அஞ்சாமல் இருக்கலாம். அவ்வளவுதான்.

அதையும் வீட்டிலிருந்து அறிய முடியாது. ஒரு முகட்டின் இந்தப் பக்கம் தூறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும் மலை இது. ஆகவே, சாலையின் மோசமான வளைவுகளுக்கு நேர் மேலே சவ்சவ் பயிரிட்டிருக்கும் ஓர் அக்காவிடம் மழையளக்கும் குடுவை ஒன்றைக் கொடுத்துவைத்தேன். காலையில் அவர் மில்லிமீட்டர் அளவைப் பார்த்துக் கைப்பேசியில் அனுப்புவார். என் நிரல் அதைப் பெற்று, ஒரு வலைப்பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். முதலில் அது எங்கள் வீட்டுக்கு மட்டுமாக இருந்தது. பிறகு வேன் ஓட்டுநர் கேட்டார். அவரிடமிருந்து காய்கறி வண்டிக்காரர்களுக்குப் போயிற்று. மழைக்காலத்தில் வண்டியை எடுக்குமுன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது.

தொடக்கத்தில் அந்த நிரல் எதைக் கொடுத்தாலும் விழுங்கியது. பைத்தான் மொழியின் இயல்பு அது. ஒரு பொருளின் பண்புக்கு நாம் எதையும் மதிப்பாகச் சூட்டலாம். எண் இருந்த இடத்தில் சொல்லை வைத்தாலும் ஏன் என்று கேளாது. ஒருநாள் அக்கா "நல்ல மழை தம்பி" என்று அனுப்ப, நிரல் அதையும் மழையளவாக ஏற்றுக்கொண்டு, நிறம் காண முற்படுகையில் செயலற்று நின்றது. இன்னொருநாள் புள்ளி விட்டுப்போய் 12.00 என்பது 1200 ஆக வந்தது. பக்கம் சிவந்தது. வேன் கிளம்பவில்லை. வெயில் காய்ந்த அந்த நாளில் ஊரே வீட்டில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஓட்டுநர் என்னைக் கடையில் பிடித்துக்கொண்டார். "என்ன சார், நேத்து கடலத் தூக்கி எங்க தலையில ஊத்திட்டீங்களாமே? எங்க வீட்டு ஓட்டுல ஒரு சொட்டு இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு பரிசல் ஒண்ணு வாங்கிரலாமான்னு பாக்குறேன்."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பொய்ச் சிவப்பு இரண்டு முறை வந்தால் மூன்றாம் முறை மெய்ச் சிவப்பை யாரும் மதிக்கமாட்டார்கள் என்ற கவலை உள்ளே தைத்துவிட்டது.

ஆகவே ஒரு நிரலகத்தின் துணையோடு அதைத் திருத்தி எழுதினேன். நிரலகம் என்றது, பிறர் எழுதி நாம் எடுத்தாளும் நிரல்களின் தொகுதியை. நான் எடுத்துக்கொண்டது பண்புகளுக்குக் காவல் வைப்பது. ஒரு பண்பை அறிவிக்கும்போதே அதன் வகை இன்னது, எல்லை இன்னது என்று கூறிவிடலாம். மழையளவு என்பது தசம எண். பூச்சியத்துக்குக் கீழே இறங்காது. ஐந்நூறுக்கு மேலே ஏறாது. அப்படிக் கூறியபின், எவர் எந்த மதிப்பைக் கொண்டுவந்தாலும் அது உள்ளே நுழையுமுன் சோதிக்கப்படும். பொருந்தாததை நிரலகம் பிழை கூறி மறுத்துவிடும். மதிப்பு மாறும்போதெல்லாம், அந்த மாற்றத்தை அறியக் காத்திருக்கும் பகுதிக்குத் தானாகவே தெரிவிக்கும். நிறத்தை மாற்றுவது அந்தப் பகுதியின் வேலை. மறுக்கப்பட்ட செய்தி ஒன்றுக்காக நிரல் முழுவதும் நின்றுபோகாமல், அதை விடுத்து அடுத்த செய்திக்குக் காத்திருக்குமாறும் அமைத்தேன்.

வேலை முடிந்த அன்று மனைவியை அழைத்துக் காட்டினேன். கண்ட சொல்லையும் எண்ணையும் அனுப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் மறுக்கப்பட்டது.

"பரவாயில்லையே," என்றாள். "என் வகுப்புக்கு இப்படி ஒண்ணு செஞ்சு குடுங்களேன். வாசல்லயே பாதிப் பயலுக திரும்பிப் போயிருவானுங்க."

அந்த மழைக்காலம் முடியும்வரை பக்கம் ஒருநாளும் பிறழவில்லை. பரிசல் பேச்சும் ஓய்ந்தது.

நான் சொல்லவந்தது அதற்கடுத்த ஐப்பசியில் ஒரு காலைப் பொழுதைப் பற்றி. இரவெல்லாம் எங்கள் கூரைமேல் தூறல்தான் விழுந்துகொண்டிருந்தது. காலையில் மூடுபனி முற்றம் வரை வந்து நின்றது. பழனியில் வெயில் என்று யாரோ சொன்னார்கள். ஆகவே பள்ளிக்கு மழை விடுமுறை இல்லை. மனைவி குடையை உதறியபடி கேட்டாள்.

"பச்சைதானே?"

"பச்சைதான்," என்றேன்.

வேன் ஒலி எழுப்பியது. அவள் போய்விட்டாள். நான் காப்பியை எடுத்துக்கொண்டு கணினியின் முன் அமர்ந்தேன். பாதி குடிப்பதற்குள் சவ்சவ் தோட்டத்து அக்கா கூப்பிட்டார். எடுத்ததுமே வசைதான்.

"தம்பி, என்ன சோலி பாத்து வச்சிருக்கீங்க நீங்க? வேன் ஆரன் கேக்குது. கீழ எறங்குறானா அவன்?"

"ஆமாக்கா. பச்சைதானே காட்டுது."

"பச்சையா? ராத்திரி பூரா ஊத்து ஊத்துன்னு ஊத்தி, மேல்வரப்புல பாதி எங்க வாசல்ல கெடக்கு. ராவுல ரெண்டு தரம், வெள்ளனே ஒரு தரம் எந்திரிச்சு, நனைஞ்சுக்கிட்டே அளந்து அனுப்பிருக்கேன். பாக்கலையா?"

"பாத்தேங்க்கா. பன்னெண்டுன்னு..."

"பன்னெண்டு நேத்தைய மழை! இன்னைக்கு அனுப்புனத எங்க போட்டீங்க?"

நான் நிரலின் பதிவைத் திறந்தேன். அதிகாலையில் நிரலகம் எழுதிவைத்த ஒரே ஒரு வரி அங்கே இருந்தது. மழையளவு தசம எண்ணாக இருத்தல் வேண்டும், வந்திருப்பது எழுத்துச்சரம். அதனருகில், மறுக்கப்பட்ட மதிப்பு அப்படியே கிடந்தது: 100+100+34.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் காய்கறி ஏற்றுகிறவர்கள் எடையை ஒருபோதும் கூட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்குக் கழிவு என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். மொத்தத்தை மட்டும் சொன்னால் மூட்டை எத்தனை என்ற சச்சரவு வரும். ஆகவே தராசில் ஏறிய எடைகளைக் கூட்டற்குறியிட்டு வரிசையாக எழுதுவார்கள். கூட்டுவது வாங்குகிறவன் பாடு. அக்காவின் குடுவை நூறு வரைதான் கொள்ளும். அந்த இரவில் அது இருமுறை நிரம்பியிருக்கிறது. நிரம்பியபோதெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி வைத்திருக்கிறார். கடைசியில் முப்பத்து நான்கு. மூட்டை எடையை எழுதும் முறையிலேயே மழையையும் எழுதி அனுப்பிவிட்டார். அதற்குமுன் குடுவை ஒருநாளும் நிரம்பியதில்லை. ஆகவே அப்படி ஒரு செய்தி வந்ததும் இல்லை.

நிரலகம் தன் கடமையைச் செய்தது. எண்ணைக் கேட்டது, குறிகளோடு கூடிய எழுத்துச்சரம் வந்தது, மறுத்தது. மறுத்தபின் அந்தப் பண்பில் எஞ்சியிருந்தது முந்தைய நாளின் பன்னிரண்டு. மதிப்பு மாறவில்லை, ஆகவே மாற்றத்தை யாருக்கும் அறிவிக்க வேண்டிய தேவை எழவில்லை. அறிவிப்பு வராததால் நிறம் மாறவில்லை. எங்கும் எந்த விதியும் மீறப்படவில்லை. பின்னாளில் நான் திருத்தியபின் அந்த நிரல், ஏற்கவியலாத செய்தி வந்தால் பழைய மதிப்பையும் அழித்துவிட்டுப் பக்கத்தை நிறமின்றி வெளுத்துக் காட்டும். அன்று அது பச்சையாகவே இருந்தது.

மனைவிக்குக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது கைப்பேசி. ஓட்டுநருக்குக் கூப்பிட்டேன். அதே பதில். எங்கள் வீட்டிலிருந்து சில வளைவுகள் இறங்கிவிட்டால் மலையடிவாரம் நெருங்கும் வரை அலைவரிசை கிடையாது என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பிறகு மழைச்சட்டைகூட அணியாமல் பைக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முகட்டைக் கடந்ததுமே சாலை வேறாக இருந்தது. மேற்சரிவிலிருந்து செந்நீர் தாறுமாறாக வழிந்து சாலையின் குறுக்கே ஓடியது. சிறு கற்கள் உருண்டு வந்து சக்கரத்தில் மோதின. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேனின் பின்விளக்கு தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். தெரியாதபோது, அடுத்த வளைவில் தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓட்டுநர் வேகமாக ஓட்டுகிறவர் என்று ஒருமுறை அவரைத் திட்டியிருக்கிறேன். இப்போது அவர் இன்னும் வேகமாகப் போயிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு திருப்பத்தில் காய்கறி ஏற்றிய வண்டி ஒன்று குறுக்காக நின்றது. அதற்கப்பால் சாலையைக் காணவில்லை.

மேற்சரிவு முழுவதும் இறங்கிவந்து சாலைமேல் படுத்திருந்தது. காப்பிச் செடிகள் சில, நட்டது நட்டபடி, மண்ணோடு சறுக்கி வந்து சாலையின் நடுவில் நின்றன. வேரோடு சாய்ந்த மரம் ஒன்றின் கிளைகள் பள்ளத்தின் பக்கமாகத் தொங்கின. மண்ணுக்கடியிலிருந்து நீர் இரைந்துகொண்டிருந்தது. மறுபக்கம் மூடுபனிக்குள் மறைந்திருந்தது.

வண்டிக்காரர் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார். "இப்பத்தான் சார் விழுந்துச்சு. நான் வளைவுல திரும்புறேன், அப்படியே மலை எறங்குது. பிரேக்க மிதிச்ச காலு இன்னும் நடுங்குது."

"முன்னால ஒரு வேன் போச்சா?"

"நான் பாக்கல சார். பனியில யாருக்குத் தெரியும்?"

அப்போது மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அங்கிட்டு யாருப்பா?"

"காய்கறி வண்டி!" என்று இவர் கத்தினார். "நீங்க?"

"பால் வண்டி! கீழருந்து வாரோம்!"

நான் வாயருகே கைகளைக் குவித்துக் கத்தினேன். "வழியில எதுக்க வேன் வந்துச்சா? வெள்ளை வேன்!"

மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. "இல்லையே! ஒரு வண்டிகூட எதுக்க வரலையே!"

"நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுப்பா!" என்றார் வண்டிக்காரர்.

"அட, ரோட்டுல நாங்க மட்டுந்தான்யா! வேனு எதுவும் வரல!"

வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்வையை விலக்கிக்கொண்டார். இது ஒற்றைச் சாலை. மேலிருந்து வேன் இறங்கியது; வழிநெடுக நான் அதைக் காணவில்லை. கீழிருந்து பால்வண்டி ஏறியது, அதுவும் காணவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது இந்த மண் ஒன்றே.

அதன் சரிவில், சாய்ந்த மரத்துக்குக் கீழே, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நான் அதை நோக்கி நடந்தேன். முழங்கால் வரை சேற்றில் புதைந்தது. ஒரு காலைப் பிடுங்கி மறுகாலை வைத்தபோது, மேலேயிருந்து கூழாங்கற்கள் சலசலத்து இறங்கின. பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்தது.

"கிறுக்கு புடிச்சிருக்கா சார் உங்களுக்கு? மேல பாருங்க, இன்னும் தொங்கிக்கிட்டுக் கெடக்கு! அது வேனு இல்ல சார், ரோட்டோரத்துக் கல்லு. சுண்ணாம்பு அடிச்ச கல்லு!"

கல்தான். உற்றுப் பார்த்தபோது எனக்கும் தெரிந்தது. ஆனால் அது கல் என்பதால் வேன் அங்கே இல்லை என்று ஆகிவிடாது. நான் தார்ச்சாலையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தகைய வேளையில் வேண்டியவரின் முகம் கண்முன் நிற்கும் என்பார்கள். எனக்கு முகம் வரவில்லை. பன்னிரண்டு என்ற எண் வந்தது. குடையை உதறியபடி அவள் கேட்டதும் நான் விடை சொன்னதும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் ஒலிப்பான் சத்தம் கேட்டது.

"என்ன சார், நடுரோட்டுல நனைஞ்ச கோழியாட்டம் உக்காந்திருக்கீங்க?"

வேன்தான். கூரைமேல் வாழைத்தார்கள் கட்டிக்கிடந்தன. ஓட்டுநர் சிரித்த முகத்தோடு தலையை வெளியே நீட்டியவர், எனக்கு அப்பால் பார்த்தார். சிரிப்பு நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் என் மனைவி இறங்கினாள்.

நான் எழுந்து அவள் கையைப் பற்றினேன். வேனுக்குள்ளிருந்து அத்தனைபேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கணவன் மனைவி வெளியில் அப்படி நிற்பதில்லை. அவளும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"எங்க போயிருந்தீங்க?" என்றேன்.

ஓட்டுநர்தான் பதில் சொன்னார். மண்ணைப் பார்த்தபடியே சொன்னார். "பஞ்சாமிர்தக் கடைக்கு நாலு தார் மலைவாழை கேட்டிருந்தாங்க சார். அந்தத் தோட்டத்துப் பாதையில வண்டிய விட்டேன். சேத்துல சக்கரம் மாட்டிக்கிச்சு. டீச்சர் போட்டுத் திட்டுதிட்டுன்னு திட்டுனாங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, உன் வாழைக்காய்க்கு நானா கெடச்சேன்னு."

யாரும் சிரிக்கவில்லை. வாழைத்தோட்டத்துப் பாதை பனியில் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. அவர்கள் உள்ளே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது நான் வெளியே கடந்து வந்திருக்கிறேன்.

மனைவி அந்தக் காப்பிச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பச்சைன்னுதானே சொன்னீங்க?" என்றாள் மெதுவாக.

"அது நேத்தைய மழை. அக்கா இன்னைக்கு அனுப்புனத எடுத்துக்கல."

அவள் அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள். "சரி. இப்ப என்ன காட்டுது?"

நான் எதையும் மாற்றாமல் ஓடிவந்திருந்தேன். அக்காவின் செய்தியைப் படித்தேன், பொருளறிந்தேன், பைக்கை எடுத்தேன். பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். அது இந்த நொடியிலும் பச்சை.

"நானும் அதப் பாத்துட்டுத்தானே சார் கெளம்புனேன்," என்றார் வண்டிக்காரர்.

கைப்பேசியை எடுத்தேன். அலைவரிசை இல்லை. அதுவரை ஒருத்திக்காக அஞ்சியவன், அப்போதுதான் எனக்கு முகமே தெரியாதவர்களுக்காக அஞ்சத் தொடங்கினேன். சரிவில் இன்னும் மண் தொங்கிக்கொண்டிருந்தது. மூடுபனியில் வளைவு திரும்பி வருகிறவன் கண்டு நிறுத்துவதற்குள் என்ன ஆகும் என்பதை இந்த வண்டிக்காரரின் கால் சொன்னது.

"வெரசா ஏறுங்க," என்றாள் மனைவி. "மேல போயிருவோம்."

அந்த ஒடுங்கிய சாலையில் வேனைத் திருப்புவது பெரும்பாடாயிற்று. வண்டிக்காரர் தம் வண்டியின் விளக்குகளை எரியவிட்டு, வளைவுக்கு மேலே தாமே போய் நின்றுகொண்டார். பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் வேனில் ஏறினோம். நான் கைப்பேசியின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும் மேட்டில் அலைவரிசையின் முதல் கோடு தெரிந்தது. வேன் நின்றது. எண்ணை அனுப்ப முயன்றேன். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை. அவசரத்தில் ஓரிலக்கம் கூடுதலாக விழுந்தது. மனைவி கைப்பேசியை வாங்கித் தன் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"எத்தனை?"

"இருநூத்தி முப்பத்தி நாலு. வேற எதுவும் போடாதே. எண் மட்டும்."

அவள் எண்ணை மட்டும் அனுப்பினாள். தசம எண், எல்லைக்குட்பட்டது. நிரலகம் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. மாற்றம் அறிவிக்கப்பட்டது. பக்கம் சிவந்தது.

நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடியுமுன் மேலேயிருந்து விளக்கு வெளிச்சம் வந்தது. கேரட் மூட்டைகள் ஏற்றிய வண்டி; மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். ஓட்டுநரும் நானும் குறுக்கே நின்று மறித்தோம்.

"கீழ மண்ணு விழுந்திருக்குப்பா. திருப்பு," என்றார் ஓட்டுநர்.

"எங்க விழுந்திருக்கு? பச்சைதானே சார் காட்டுது." அவர் எங்களை நம்பவில்லை. சந்தைக்கு நேரமாகிவிட்ட எரிச்சல் அவர் முகத்தில் இருந்தது. கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். "கெளம்பும்போதே பாத்துட்டேன். நீங்களே பாருங்க."

புறப்படும்போது திறந்த பக்கம். அதன்பின் அவர் அதைப் புதுப்பிக்கவில்லை. வழியில் அலைவரிசையும் இருந்திராது. அந்தச் சிறிய திரையில் என் பச்சை, சற்றும் மங்காமல், ஈரத்தில் பளபளத்தது. இதைத் திருத்த என் கையில் எதுவும் இல்லை. நான் எழுதிய எதுவும் அங்கே போய் எட்டாது.

"அது பொய்யிங்க," என்றேன்.

"நீங்க யாரு அதச் சொல்றதுக்கு?"

மனைவி என்னைக் கடந்து வண்டியின் அருகில் போனாள். "அண்ணே, மொதல்ல வண்டிய அணைச்சிட்டு எறங்குங்க," என்றாள். வகுப்பில் பேசும் குரல். "நாங்க அங்கருந்துதான் வாரோம். எங்க கால்ல இருக்குற சேத்தப் பாருங்க."

அவர் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தார். எஞ்சின் அணைந்தது. அந்த அமைதியில், மேலே மூடுபனிக்குள் வேறொரு வண்டி கியரை மாற்றி இறங்கும் ஓசை கேட்டது. அதற்கும் பின்னால் இன்னொன்று. மனைவி குடையை விரித்துக்கொண்டு சாலையின் நடுவுக்குப் போனாள். வருகிற வண்டிகளை மறிக்க நான் அவளுக்கு முன்னால் ஓடினேன்.